சிஸ்டர், சார்கிட்ட சொல்லுங்க

அத்தியாயம் 17

பேச்சு நின்று இன்றோடு இருபத்திரண்டு நாள்.

முத்தாபுதுப்பேட்டைப் புது வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் நடந்த கூத்தை அதற்குள் மறந்திருக்க மாட்டீர்கள். மறந்தவர்களுக்காக நாலே வரி. பந்தியில் பக்கத்து இலைக்காரருக்கு, சர்ஜன் தமிழரசு தன் தம்பி மனைவி அருள்மொழியை அறிமுகப்படுத்தினார். “நம்ம அரவிந்தன் ஒய்ஃப். ஆபரேஷனுக்கு முன்னாடி ஊசி போடுவாங்க. அப்புறம் ஜாலியா உக்காந்துக்கலாம், அவ்ளோதான் வேலை.”

ஒன்பது வருஷம் படித்து மயக்க மருந்து டாக்டர் ஆனவள் அருள்மொழி. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். ஆனால் அவளைப் பெற்ற முனியம்மா பல்லைக் கடிக்கிற ரகமா? பாயசத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள்.

“இன்னா டாக்டரே, என் பொண்ணு அந்த ஊசியப் போடலன்னா, நீ கத்திய யார் மேல வெப்பே?”

பந்தி மொத்தமும் திரும்பிப் பார்த்தது. தமிழரசுவின் குடும்பம் குத்தம்பாக்கத்தில் தலைமுறை தலைமுறையாகப் பயிர் வைத்த குடும்பம். முனியம்மா வயசுப் பெண்ணாக இருந்தபோது அவர்கள் வயலில்தான் நாற்று நட்டாள். அந்த முனியம்மா, அத்தனை சொந்தபந்தத்துக்கு நடுவில், வீட்டுப் பெரிய பிள்ளையைக் கேள்வி கேட்டுவிட்டாள்! தமிழரசு கை கழுவப் போனவர், திரும்பி வரவே இல்லை.

அதற்கப்புறமும் வேலை நிற்கவில்லை. ஸ்கூட்டியில் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் மயக்க மருந்து கொடுப்பது அருள்மொழியின் தொழில். காலையில் அம்பத்தூரில் ஒரு சிசேரியன், மத்தியானம் பூந்தமல்லியில் ஒரு கால் முறிவு என்று சுற்றுகிறவள். வாரத்தில் நாலு நாள் ஆவடியில் தமிழரசுவின் நர்சிங் ஹோம். ஆபரேஷன் தேதியெல்லாம் முன்னாலேயே குறித்தாகிவிட்டது. நோயாளிகளைத் தவிக்க விடுகிற அளவுக்கு இரண்டு பேருமே மோசமில்லை. வந்தார்கள், வேலை பார்த்தார்கள், போனார்கள்.

பேச்சுதான் இல்லை.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மருமகள்கள் மூத்தாரிடம் நேருக்கு நேர் பேச மாட்டார்கள். “மாமாவைச் சாப்பிட வரச் சொல்லு” என்று பக்கத்தில் நிற்கிற யாரிடமாவது சொல்லுவார்கள். கேட்டுக்கொண்டே அவரும் எழுந்து வருவார். ஆபரேஷன் தியேட்டருக்குள் மட்டும் அருள்மொழி அதை ஒருநாளும் கடைப்பிடித்ததில்லை. ‘சார்’ என்று கூப்பிட்டு, சொல்ல வேண்டியதைப் பட்டென்று சொல்லுவாள். கோபம் வந்ததும் என்ன செய்தாள்? வீட்டு வழக்கத்தைத் தியேட்டருக்குள்ளும் கொண்டுவந்துவிட்டாள்.

“சிஸ்டர், சார்கிட்ட சொல்லுங்க, பேஷன்ட் ரெடி.”

“சிஸ்டர், மேடம்கிட்ட சொல்லுங்க, ஆரம்பிக்கிறேன்.”

இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பச்சைத் துணி, அதுவும் இடுப்பளவு திரை. கைநீட்டினால் தொட்டுவிடலாம். வேப்பம்பட்டிலிருந்து தினமும் ரயிலேறி வருகிற நர்ஸ் கனிமொழிக்குத்தான் மண்டை காய்ந்தது. “நான் இன்னா போஸ்ட்மேனா மேடம்?” என்று உடை மாற்றும் அறையில் ஒருநாள் கேட்டே விட்டாள்.

இந்த லட்சணத்தில்தான் முனியம்மாவுக்குப் பித்தப்பையில் கல் என்று வந்து நின்றது.

மூன்று நாளாக வலி, காய்ச்சல், வாந்தி. ஸ்கேனில் பித்தப்பை வீங்கிப் போயிருந்தது. தள்ளிப்போட முடியாது. வேறு சர்ஜனைப் பார்க்கலாம் என்று மாப்பிள்ளை அரவிந்தன் போனை எடுத்தான். முனியம்மா படுத்தபடியே அதைப் பிடுங்கிக் கீழே வைத்தாள்.

“உங்க அண்ணனே அறுக்கட்டும் மாப்ளே. அதுக்கு வாய்தான் சரியில்ல. கை நல்ல கை.”

“அண்ணன்கூடதான் நீங்க...”

“சண்டை வேற, கல்லு வேற. இன்னொண்ணு கேட்டுக்கோ. என்னைத் தூங்க வெக்கறது என் பொண்ணாத்தான் இருக்கணும். வேற யாராச்சும் ஊசியத் தூக்கிகினு வந்தா எழுந்து ஊட்டுக்குப் போயினே இருப்பேன்.”

பெற்ற தாய்க்குத் தானே மயக்கம் கொடுப்பதை எந்த டாக்டரும் விரும்ப மாட்டார். கை நடுங்கினால் கதை முடிந்தது. அருள்மொழி எத்தனையோ சொல்லிப் பார்த்தாள். மாற்று ஆளான டாக்டர் இராமகிருஷ்ணனோ மகளுக்கு மொட்டை போடத் திருப்பதி மலையில் இருந்தார். கடைசியில், செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, அம்மாவின் தலைமாட்டில் அவளேதான் நின்றாள்.

மேஜையில் படுத்திருந்த முனியம்மா இரண்டு பக்கமும் பார்த்தாள். ஒரு பக்கம் முகமூடிக்கு மேலே மகளின் கண். இன்னொரு பக்கம் கையைத் தூக்கிப் பிடித்தபடி தமிழரசு.

“இன்னா ரெண்டு பேரும் ஊமையாட்டம் நிக்கறீங்க? பேசுங்களேன். எனக்கு பயமா கீது இல்ல...”

“மூச்சை நல்லா இழும்மா,” என்றாள் அருள்மொழி.

முனியம்மா தூங்கிப் போனாள். அருள்மொழி தொண்டையில் குழாயை இறக்கி, இரண்டு பக்க மூச்சையும் கேட்டு, நிமிர்ந்தாள். கை நடுங்கவில்லை. அதில் அவளுக்கே ஒரு திமிரான சந்தோஷம்.

“சிஸ்டர், சார்கிட்ட சொல்லுங்க. ஆரம்பிக்கலாம்.”

* * *

வயிற்றில் சின்னச் சின்னதாக நாலு ஓட்டை போட்டு, உள்ளே கேஸ் நிரப்பி உப்ப வைத்து, கேமராவை விட்டுச் செய்கிற ஆபரேஷன் இது. தமிழரசு ஆயிரத்துக்கு மேல் செய்திருப்பார். கேஸ் உள்ளே போகத் தொடங்கியது.

டிக், டிக், டிக் என்று ஓடிக்கொண்டிருந்த மானிட்டர் சத்தம் திடீரென்று இழுக்க ஆரம்பித்தது. எழுபதில் இருந்த இதயத்துடிப்பு ஐம்பது. நாற்பது. முப்பத்தாறு.

வயிறு சட்டென்று உப்பும்போது சிலருக்கு இதயம் இப்படிப் படுத்துக்கொள்ளும். கேஸை வெளியே விட்டுவிட்டால் எழுந்துவிடும். அருள்மொழிக்குத் தெரியும், கை தானாகவே ஊசிக்குப் போய்விட்டது. ஆனால் வாய்?

“சிஸ்டர், சாரை கேஸை விடச் சொல்லுங்க!”

கனிமொழி அந்தப் பக்கம் குனிந்து டியூபைச் சொருகிக்கொண்டிருந்தாள். “இன்னா மேடம்?”

“கேஸ்! கேஸை விடச் சொல்லுங்க!”

“சார், கேஸை...”

கனிமொழி முடிப்பதற்குள் தமிழரசு விட்டுவிட்டார். புஸ்ஸென்று காற்று இறங்கியது. அருள்மொழி போட்ட ஊசியும் வேலை செய்ய, சத்தம் பழையபடி ஓடத் தொடங்கியது. அறுபது. எண்பது.

ஒன்றும் ஆகவில்லை. ஆறு விநாடி வீணாகப் போயிருக்கும், அவ்வளவுதான். மூன்றாம் மனுஷி மூலமாகப் பெற்ற தாயின் உயிரைப் பேசிக்கொண்டிருக்கிறோமே என்று அவளுக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கத்தான் செய்தது. ஆனாலும் வீம்பு விடவில்லை. அவர் ஒரு வார்த்தை பேசட்டும், அப்புறம் பார்ப்போம் என்று உட்கார்ந்தாள். திரைக்கு அந்தப் பக்கம் அவரும் இதையேதான் நினைத்திருப்பார்.

கேஸ் இந்தத் தடவை மெதுவாக ஏறியது. ஆபரேஷன் நகர்ந்தது.

அரைமணி நேரம் போயிருக்கும். தமிழரசு வழக்கமாக வேலை செய்யும்போது சும்மா இருக்க மாட்டார். கனிமொழியின் ரயில் லேட்டானதிலிருந்து டீக்கடை வடை வரைக்கும் எதையாவது பேசிக்கொண்டே இருப்பார். அந்தப் பேச்சு நின்றது. அருள்மொழி கேமரா படம் ஓடும் டிவியைப் பார்த்தாள். பித்தப்பை பக்கத்து உறுப்புகளோடு பசை போட்டமாதிரி ஒட்டிக் கிடந்தது. அதன் ஓரத்தில் சிவப்பு ஊறிக்கொண்டிருந்தது.

துடிப்பு தொண்ணூறு. நூற்றுப் பத்து. பிரஷர் நூறு, தொண்ணூறு, எண்பது.

மயக்க மருந்து டாக்டர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சர்ஜனைத் தொந்தரவு செய்யாமல், கமுக்கமாகத் தாங்களே சமாளிப்பது. அருள்மொழி சலைனை வேகமாகத் திறந்துவிட்டாள். பிரஷரை ஏற்றுகிற ஊசியைக் கொஞ்சம் போட்டாள். நம்பர் நூறுக்கு வந்தது. தமிழரசு ஓரக்கண்ணால் மானிட்டரைப் பார்த்தார். நூறு. சரி, பரவாயில்லை என்று மறுபடியும் ரத்தக்குழாயைத் தேடத் தொடங்கினார்.

மறுபடியும் எண்பது. மறுபடியும் ஊசி. மறுபடியும் நூறு. அவர் மறுபடியும் பார்த்தார்.

அப்போதுதான் அருள்மொழிக்குப் பொறி தட்டியது.

அடிப்பாவி, நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்? அவர் அந்த நூறை நம்பித்தானே இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்! அந்த நூறு அம்மாவுடையது இல்லை, என் ஊசியுடையது. அவர் எவ்வளவு ரத்தம் போகிறது என்று என்னிடம் சொல்லவில்லை. நான் எவ்வளவு மருந்து ஏற்றுகிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து அம்மாவைக் கொன்றுவிடுவோம் போலிருக்கிறதே!

எழுந்து நின்றாள். பச்சைத் துணிக்கு மேலாக நேராக அவர் முகத்தைப் பார்த்தாள்.

“மாமா! தேடறத நிறுத்துங்க!”

சார் இல்லை. மாமா. இருபத்திரண்டு நாளாக நேராக அவரிடம் பேசாத குரல், அதுவும் இத்தனை சத்தமாக. தமிழரசுவின் கை நின்றது.

“அந்த நூறை நம்பாதீங்க. நான் மருந்து குடுத்துத் தூக்கிப் பிடிச்சிருக்கேன். நிஜத்துல எழுபதுதான். உண்மையைச் சொல்லுங்க, எவ்ளோ போச்சு?”

தமிழரசு உறிஞ்சும் பாட்டிலைப் பார்த்தார். வேறு நாளாக இருந்தால், ‘கொஞ்சம் ஊறுது, அவ்ளோதான்’ என்றிருப்பார். சர்ஜன்களுக்கு இருக்கிற கெட்ட பழக்கம் அது.

“எண்ணூறு இருக்கும். உள்ள இன்னும் தேங்கி நிக்குது.” ஒரு மூச்சு விட்டார். “அருள், எனக்கு எங்கேர்ந்து வருதுன்னு தெரியல.”

ஒரு சர்ஜன் இதைச் சொல்ல எவ்வளவு மனசு வேண்டும் என்று அருள்மொழிக்குத் தெரியும். கோபமெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் எங்கே போனதென்றே தெரியவில்லை.

“சரி. தேட வேணாம். பஞ்சை வெச்சு அமுக்கிப் பிடிச்சுக்கோங்க. அவ்ளோதான் செய்யணும் இப்ப.”

“வயித்தத் திறந்தாத்தான் பிடிக்க முடியும்.”

“திறக்கலாம். ஆனா இப்பவே திறந்தா, கேஸ் அழுத்தம் போயி இன்னும் ஊத்தும், பிரஷர் பாதாளத்துக்குப் போயிடும். நான் ரத்தம் ஏத்திக்கறேன். அஞ்சு நிமிஷம் குடுங்க எனக்கு.”

“எடுத்துக்கோ,” என்றார் தமிழரசு.

“ரத்தம் வரவழைக்கணுமே, எங்கேயிருந்து...”

“ரெண்டு பை வெளிய ஐஸ் பெட்டியில இருக்கு. காலைலயே வாங்கி வெச்சிட்டேன்.”

“ஏன் சொல்லவே இல்ல?”

“நீதான் கேக்கவே இல்லையே.”

கனிமொழி அதற்குள் வெளியே ஓடியிருந்தாள். அவளுக்கு இனிமேல் தபால் வேலை கிடையாது என்று புரிந்துவிட்டது.

அடுத்த ஐந்து நிமிஷம் தமிழரசு அசையவில்லை. கருவியால் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி அப்படியே நின்றார். எதையாவது வெட்டிக்கொண்டோ தைத்துக்கொண்டோ இருந்தால்தான் சர்ஜனுக்கு நிம்மதி. சும்மா நிற்பது மகா கஷ்டம். நெற்றி வியர்வை புருவத்தில் இறங்கியது, துடைக்கச் சொல்லிக்கூடக் கேட்கவில்லை. அருள்மொழி இரண்டாவது ஊசி வழியைப் போட்டு, முதல் பையை இரண்டு கையாலும் பிழிந்து ஏற்றினாள். ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொன்னாள்.

“எழுபத்தஞ்சு. மருந்து இல்லாம.”

“ம். இங்க நின்னிருக்கு. கசியல.”

“எண்பத்தாறு. முதல் பை முடியுது.”

“ம்.”

“தொண்ணூத்தாறு. இது அம்மாவோட சொந்த நம்பர். ரெண்டாவது பை ஓடுது. மாமா, இப்ப திறங்க.”

தமிழரசு திறந்தார். அருள்மொழி நம்பரைச் சொல்ல, அவர் கையிருந்த இடத்தைச் சொல்ல, இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டே போனார்கள். ஒரு தடவை பிரஷர் சரிந்தது. “ஒரு நிமிஷம்” என்றாள். அவர் கேள்வி கேட்காமல் கையை வைத்து அமுக்கினார். “போகலாம்” என்றாள். போனார்.

“பார்த்துட்டேன்,” என்றார் தமிழரசு. “பின்னாடி ஒளிஞ்சிகிட்டிருந்தது, திருட்டுப் பய. பிடிச்சிட்டேன். கட்டியாச்சு.”

“நூத்திப் பத்து,” என்றாள் அருள்மொழி. அழுகை வந்தது. அழவில்லை. இன்னும் அம்மாவை எழுப்ப வேண்டுமே.

* * *

ஆபரேஷன் முடிந்ததும் சர்ஜன் தனியாக வெளியே வந்து உறவுக்காரர்களிடம் பேசுவார், எல்லாரும் அவரைக் கும்பிடுவார்கள். இது எல்லா ஆஸ்பத்திரியிலும் நடக்கிற காட்சிதான். மயக்க மருந்து டாக்டர் பின்வாசல் வழியாக அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருப்பார்.

அன்று தமிழரசு கதவருகே நின்று திரும்பினார். “வா அருள். சேந்தே போய்ச் சொல்லிடலாம்.”

வெளியே அரவிந்தனும், முனியம்மாவின் கணவர் முனியனும் எழுந்து நின்றார்கள். முனியன் அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருஷம் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். அதிகம் பேச மாட்டார். தமிழரசு எதையும் பூசி மெழுகவில்லை. ரத்தம் நிறையப் போச்சு, ஓட்டை போட்டுச் செய்ய முடியல, வயிற்றைத் திறந்துதான் செஞ்சோம், இப்ப நல்லா இருக்காங்க என்றார். “அருள் கத்தலன்னா இன்னிக்கு நான் கோட்டை விட்டிருப்பேன்,” என்றும் சொன்னார்.

முனியன் கைகூப்பினார். இரண்டு பேரையும் பார்த்து.

உடை மாற்றும் அறையில் தமிழரசு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“அன்னிக்குப் பந்தியில நான் பேசினது தப்பு அருள்.”

“தப்புதான் மாமா.” அவளுக்கு மறைக்கத் தோன்றவில்லை. “உள்ள நான் பண்ணதும் தப்பு. மருந்து குடுத்ததும் உங்ககிட்ட சொல்லியிருக்கணும்.”

“இனிமே சொல்லிடு. எனக்கு ரத்தம் வந்தாலும் சொல்லிடறேன். தெரியலன்னா, தெரியலன்னு சொல்றேன்.” அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தார். “அப்ப இதையும் சொல்லிடணும். வெளிய பேசிட்டு வந்தப்புறம்தான் பித்தப்பையைப் பிளந்து பாத்தேன். கல்லு மட்டும் இல்ல. சுவத்துல ஒரு இடம் கட்டியா, கெட்டியா இருக்கு. பழைய வீக்கமாவும் இருக்கலாம். வேற மாதிரியும் இருக்கலாம். டெஸ்டுக்கு அனுப்பிட்டேன். வெள்ளிக்கிழமை தெரிஞ்சிடும்.”

‘வேற மாதிரி’ என்றால் என்ன என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

அருள்மொழி சுவரில் சாய்ந்தாள். பயம்தான். ஆனாலும், காலையில் இருந்த பயத்துக்கும் இந்தப் பயத்துக்கும் வித்தியாசம் இருந்தது. காலையில் அவள் தனியாகப் பயந்துகொண்டிருந்தாள்.

“எதுவா இருந்தாலும் பாத்துக்கலாம்,” என்றார் தமிழரசு.

“பாத்துக்கலாம் மாமா.”

* * *

சாயங்காலம் நாலு மணிக்கு முனியம்மா நன்றாக விழித்துக்கொண்டாள். உதடு காய்ந்திருந்தது, குரல் கம்மியிருந்தது. வாய் மட்டும் பழையபடி.

“கல்லு எவ்ளோ பெருசுடி?”

“புளியங்கொட்டை அளவு. மூணு.”

“எட்த்து வெச்சிகீறாங்களா? பாக்கணும்.” மகளின் முகத்தையே பார்த்தாள். “இன்னாத்துக்கு மூஞ்சி இப்பிடி கீது? வேற இன்னா?”

ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது. பிறகு பார்த்துக்கொள்ளலாம், உடம்பு தேறட்டும், எத்தனை காரணம் வேண்டும்? ஆனால் மறைத்து வைத்த ஒரு நம்பர் இன்று காலையில் அம்மாவை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று பார்த்தவள் அவள். கட்டிலோரம் நாற்காலியில் உட்கார்ந்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா, பித்தப்பையில ஒரு கட்டி மாதிரி இருந்துச்சு. டெஸ்டுக்குப் போயிருக்கு. வெள்ளிக்கிழமைதான் என்னன்னு தெரியும். ஒண்ணுமில்லாமலும் போகலாம். இருந்தாலும், பையை முழுசா எடுத்தாச்சு. மேல என்ன செய்யணுமோ நானும் மாமாவும் செய்வோம்.”

முனியம்மா தலையை மகள் பக்கம் திருப்பினாள்.

“அவனும் நீயும் பேசிக்கிறீங்களா?”

“பேசிக்கிறோம்.”

“அப்ப சரி. எனக்கு இன்னா பயம்?” என்றாள். ஆனால் மகளின் கையை விடவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்தாள். குரலைத் தாழ்த்தினாள். “ஒண்ணு மட்டும் செய்யி. உங்கப்பனுக்கு இது தெரிய வேணாம். அது தாங்காது. வெளிய கல்லாட்டம் கீதே தவிர, எனக்கு ஒண்ணுன்னா உள்ளுக்குள்ளயே செத்துப்பூடும். வெள்ளிக்கெழம வரிக்கும் சொல்லாதே. என் மேல சத்தியம் பண்ணு.”

“எது தெரிய வேணாம்?”

இரண்டு பேரும் திரும்பினார்கள். வாசலில் முனியன் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. முனியம்மா மகளின் கையை நகம் பதிகிற அளவுக்கு அழுத்தினாள். கண்ணாலேயே கெஞ்சினாள்.

அருள்மொழி அந்தக் கையை மெதுவாக எடுத்துப் போர்வை மேல் வைத்தாள். எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை அப்பாவின் பக்கம் தள்ளினாள்.

“உக்காரு நைனா,” என்றாள். “சொல்றேன்.”